அமானிதம் என்று பெயரிட்ட டிஸ்க்

சென்ற வருடம் நோன்பு மாதத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. இடம் சாய்ந்தமருது, என் வீட்டு முன்னறை. என் வீடு என்று சொன்னால் மனைவி சிரிப்பாள். நான் மருதமுனைக்காரன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாப்பிள்ளை. அந்த முன்னறையில்தான் கல்யாண வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுக்கும் என் ஸ்டூடியோ பதினான்கு வருடமாக நடக்கிறது.

என்னிடம் இருக்கும் கொம்பியூட்டர் லினக்ஸில் ஓடுகிறது. ஊரில் ஆளாளுக்குக் கொண்டுவரும் பென் டிரைவ்களில் இருந்து வைரஸ் ஏறி ஏறி ஒருநாள் பழைய மெஷின் படுத்தே விட்டது. அந்தக் கோபத்தில் இன்டர்நெட்டைப் பார்த்துப் பார்த்து நானே லினக்ஸ் போட்டுப் பழகிவிட்டேன். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டும்போது வந்திருப்பவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது மறைத்து என்ன செய்வது, நன்றாகவே இருந்தது.

நோன்பு வருமுன் எங்கள் ஊர்களில் கல்யாணங்கள் குவியும். அந்த வருடமும் அப்படித்தான். வீடியோக்கள் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் கழுத்து வரை நிரம்பிவிட்டது. கெமராவின் மெமரி கார்டுகளையோ அடுத்த கல்யாணத்துக்காக அவ்வப்போது அழித்துவிடுவேன். ஆக, நான் எடுத்தது எல்லாம் அந்த ஒரே டிஸ்கில்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது. ஜனங்கள் நம்பி ஒப்படைத்த பொருள் என்பதால் அந்த டிஸ்கிற்கு ‘அமானிதம்’ என்று நானே பெயர் வைத்திருந்தேன். பெயர் வைக்கும்போது இருந்த பக்தி பாதுகாப்பதில் இருக்கவில்லை.

எனவே இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கினேன். பழையதன் அதே கம்பெனி, அதே அளவு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். புது டிஸ்கை வாங்கிச் செருகிவிட்டால் மட்டும் லினக்ஸ் ஏற்றுக்கொள்ளாது. முதலில் அதைப் பகுதிகளாகப் பிரித்து, ஃபோர்மட் செய்து, பிறகு ஏற்கனவே இருக்கிற ஒரு ஃபோல்டருக்குள் குடியேற்ற வேண்டும். இதற்கு மவுண்ட் பண்ணுவது என்று பெயர். தனக்கென்று ஒரு வாசல் கிடையாது, இருக்கிற வீட்டில் ஓர் அறை கொடுப்பார்கள், அதற்குள் இருந்துகொள்ள வேண்டும். மனைவியிடம் இதை விளக்கியபோது, “அப்ப உங்களப் போல வந்த மாப்பிள எண்டு சொல்லுங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். டிஸ்குகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கொம்பியூட்டரை இயக்கும் சின்ன டிஸ்க் ‘ஏ’. பழைய அமானித டிஸ்க் ‘பி’. புதியது ‘சி’. இந்த எழுத்துகளை லினக்ஸ் தானே கொடுக்கிறது. புதியதைப் பிரித்து முடித்தேன். ஃபோர்மட் செய்வதுதான் பாக்கி. அதற்குள் ஜும்ஆத் தொழுகைக்கு ஆயத்தமாகும் நேரமாகிவிட்டது. வெள்ளி பன்னிரண்டு மணி என்றால் எங்கள் கடைத்தெருவில் பூனை கூட நிற்காது. கையில் இருப்பதை இருந்த இடத்தில் போட்டுவிட்டுப் போவதுதான் பழக்கம். நானும் ஒரு துண்டுக் கடதாசியில் ‘புதியது – சி’ என்று எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகிவிட்டு, மெஷினை அணைத்து, குளிக்கப் போனேன்.

தொழுது வந்து, வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். எனக்குக் கொஞ்சம் கூடவே உண்டு. இரண்டு மணிக்குப் பிறகு கண் சொருகச் சொருக மெஷினைப் போட்டேன். கடதாசியைப் பார்த்தேன். ‘சி’. ஃபோர்மட் கட்டளையைத் தட்டினேன். திரையில் ஏதோ ஒரு கேள்வி வந்தது. முடிவில் ஆம் அல்லது இல்லை. ஆம் என்பதற்கான ‘ஒய்’ எழுத்தை அழுத்தினேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, வேலை முடிந்தது.

அடுத்தது மவுண்ட். அந்தக் கட்டளையையும் தட்டி முடித்துவிட்டு என்டரை அழுத்த விரலைத் தூக்கியபோது வாசலில் சலாம் கேட்டது.

கறுப்பு அபாயாவில் ஓர் இளம்பெண். இரண்டரை மாதத்துக்கு முன்னர் நான் வீடியோ எடுத்த கல்யாணத்தின் மணப்பெண். அவளுடைய வாப்பா ஒலுவில் துறைமுகத்தில் இருந்து படகில் போகிற மீனவர். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, கடலுக்குப் போய் வந்து படுத்த மனிதர் சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. மௌத்து வீட்டுக்கு நானும் போயிருந்தேன். வீடியோவை மட்டும் கொடுத்திருக்கவில்லை. “அடுத்த கிழமை தாறன்” என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். நான்காவது தடவை சொல்ல வாயைத் தயார் செய்தேன். வந்த நேரத்தைப் பார் என்று மனதுக்குள் சலிப்பும் வந்தது.

அவள் உட்காரவில்லை, நின்றபடியே அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள். “காக்கா, முழு வீடியோவும் இப்ப வேணாம். பள்ளியில வாப்பா என்னைய நிக்காஹ் செஞ்சு குடுத்த இடம் மட்டும் தாங்க. போன்ல போட்டுத் தந்தாப் போதும். உம்மா இத்தாவில இரிக்கா. வாப்பா சொன்னத அவவும் கேக்கல்ல, நானும் கேக்கல்ல.”

அவள் சொன்னதன் பாரம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். நிக்காஹ் பள்ளிவாசலில் ஆண்கள் சபையில் நடக்கும். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகள் இன்னாரை உமக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று சொல்வார். மகள் அந்த நேரம் வீட்டில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருப்பாள். தன் வாப்பா தன்னை ஒப்படைத்துச் சொன்ன வார்த்தையை அவள் வீடியோவில்தான் கேட்க வேண்டும். அவளுடைய உம்மாவோ கணவனை இழந்தவர், இத்தாக் காலமான நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார். அந்த வார்த்தையைச் சொன்னவர் இப்போது இல்லை.

“இப்பவே தாறன் தங்கச்சி” என்றேன். மவுண்ட் கட்டளையை அப்படியே விட்டுவிட்டு, பழைய டிஸ்கைத் திறக்கப் போனேன். வழமையாக அது ‘அமானிதம்’ என்ற பெயரோடு ஓரத்தில் நிற்கும். ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும்.

அந்தப் பெயர் அங்கே இல்லை.

பட்டியலை மறுபடி எடுத்தேன். ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. டிஸ்குகளுக்கு லினக்ஸ் கொடுக்கும் எழுத்து நிலையானதல்ல. மெஷினைப் போடும்போது யார் முந்தி விழிக்கிறார்களோ அவர்களுக்கு முந்திய எழுத்து. ஜும்ஆவுக்குப் பிறகு போட்டபோது புதியவர் முந்திக்கொண்டு ‘பி’ ஆகிவிட்டார். பழையவர் ‘சி’. என் கடதாசியில் இருந்தது காலை நேரத்து உண்மை. நான் ஃபோர்மட் செய்தது அமானிதத்தை.

திரையை மேலே தள்ளிப் பார்த்தேன். நான் வாசிக்காமல் ‘ஒய்’ அழுத்திய கேள்வி அங்கேயே நின்றது. இதில் ஏற்கனவே தரவுகள் உள்ளன, இதன் பெயர் அமானிதம், அப்படியிருந்தும் தொடரவா என்று மெஷின் கேட்டிருந்தது. நான் வைத்த பெயரைச் சொல்லியே கேட்டிருந்தது.

அவளிடம் பொய் சொன்னேன். “மெஷின் கொஞ்சம் கரைச்சல் குடுக்குது. நாளைக்குக் காலையில வாங்க.” அவள் முகம் வாடியது. ஆனாலும், “ஓம் காக்கா, உம்மாட்டச் சொல்றன்” என்று போய்விட்டாள். அவள் போன பிறகு கதிரையிலேயே இருந்து யோசித்தேன். எத்தனையோ பேருடைய கல்யாணங்கள் அதில் இருந்தன. மற்றவர்களிடம் காலில் விழலாம், திட்டு வாங்கலாம். இந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்வது? வாப்பாவை இன்னொரு தடவை சொல்ல வைக்க முடியுமா?

இலங்கையில் லினக்ஸ் பாவிக்கிறவர்களின் ஃபேஸ்புக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். அதில் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் புத்தி சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். அன்று வெட்கத்தை விட்டு நடந்ததை எழுதினேன். கால் மணித்தியாலம் போயிருக்கும். முன்பின் அறியாத ஒரு பெண் பதில் போட்டிருந்தார். “மெஷினில் எதையும் தொட வேண்டாம். உங்கள் இலக்கத்தை அனுப்புங்கள்.” அனுப்பியதும் அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்துக் குரல். பின்னால் குக்கர் விசிலடிக்கும் சத்தம்.

அவருடைய முதல் கேள்வியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணை, ஃபோர்மட் பண்ணினாப் பிறகு மவுண்ட் பண்ணிப்போட்டியளோ?”

“இல்ல தங்கச்சி. கட்டளய அடிச்சன், என்டர அமத்தல்ல. அதுக்குள்ள ஆக்கள் வந்துட்டாங்க.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “அப்ப பதறாதேங்கோ. பெரும்பாலும் ஒண்டும் போகேல்லை.”

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். நாம் செய்யும் இந்த அவசர ஃபோர்மட், வீட்டு வளவைச் சுத்தமாகக் கூட்டி எறிவதில்லை. வாசல் பலகையை மாற்றுகிறது, இன்ன இடத்தில் இன்ன அறை வரும் என்று அங்கங்கே அடையாளம் போடுகிறது. பழைய சாமான்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் மவுண்ட் பண்ணிய நிமிடத்தில் இருந்து, நாம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலும், மெஷின் பின்னால் இருந்து மிச்ச அறைகளைத் துப்புரவாக்கத் தொடங்கிவிடும். நான் அழுத்தாமல் விட்ட ஒரு என்டர்தான் அதைத் தடுத்து வைத்திருந்தது.

இதைக் கேட்டபோது வாசலைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றி வைத்த இடம் வெறுமையாக இருந்தது. வந்த நேரத்தைப் பார் என்று சலித்துக்கொண்டேனே, அந்தச் சலாம் இரண்டு விநாடி பிந்தியிருந்தால்?

“புது டிஸ்க் எவ்வளவு பெரிசு?” என்று கேட்டார்.

“அதே அளவுதான்.”

“நல்லதாப் போச்சு. முதல்ல பழசில இருக்கிறதை அப்பிடியே ஒரு புள்ளி விடாமல் புதுசுக்குப் பிரதி எடுங்கோ. பிழை வந்தாலும் பிரதியிலதான் வரும்.”

கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னார். டிஸ்குகளை ‘பி’, ‘சி’ என்று எழுத்தால் கூப்பிட விடவில்லை. ஒவ்வொரு டிஸ்கின் மேலும் கம்பெனி அடித்த தொடர் இலக்கம் இருக்கிறது, எங்கே செருகினாலும் எப்போது போட்டாலும் அது மாறாது, அடையாள அட்டை இலக்கம் மாதிரி. பெட்டியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்து இரண்டின் இலக்கத்தையும் வாசிக்கச் சொன்னார். மூன்று தடவை வாசிக்க வைத்த பிறகுதான் என்டரை அழுத்த விட்டார். நானும் அன்றுதான் வாழ்க்கையில் முதல்தடவையாக என்டர் அழுத்துமுன் அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொன்னேன்.

பிரதியெடுக்க இரண்டரை மணித்தியாலம் ஆனது. கரன்ட் போய்விடக் கூடாதே என்று ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையோடு இருந்தேன். என் ஃபேனுக்கும் மின்சார சபைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மனைவி தேநீர் கொண்டுவந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டு சொல்கிறவள், அன்று ஒன்றும் சொல்லாமல் முசல்லாவை விரித்து இரண்டு ரக்அத் தொழுதாள். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் யாழ்ப்பாணத்துத் தங்கச்சி மறுபடி எடுத்தார். இழந்த தரவைத் தேடும் ஒரு சின்ன மென்பொருளைப் போடச் சொன்னார். அது பிரதி டிஸ்கைப் பார்த்துவிட்டு, முதல் பக்கம் பழுது என்றது.

“அது எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தைக் கேளுங்கோ” என்றார்.

அவர் சொன்னதை என்னால் இன்றுவரை சாதாரண விஷயமாக எடுக்க முடியவில்லை. என் பழைய டிஸ்க் விண்டோஸ் காலத்தில் ஃபோர்மட் செய்தது. அந்த முறையில் தன்னைப் பற்றிய முதல் பக்கத்தை, அதாவது எங்கே தொடங்குவது, பட்டியல் எங்கே இருக்கிறது என்ற பக்கத்தை, அப்படியே ஒரு பிரதி எடுத்துத் தன் கடைசி முனையில் ஒளித்து வைத்திருக்குமாம். எத்தனையோ வருடமாக அந்த டிஸ்கை வைத்துப் பிழைக்கிறேன், எனக்கு அது தெரியாது. யாரோ ஒருவர், எங்கோ ஒரு தேசத்தில், என்றாவது ஒரு மடையன் வாசிக்காமல் ‘ஒய்’ அழுத்துவான் என்று முன்கூட்டியே எனக்காக இரக்கப்பட்டிருக்கிறார்.

மென்பொருள் ஒரு விநாடி யோசித்தது. கடைசிப் பக்கம் சரி என்றது. அதை எடுத்து முதல் பக்கத்தில் வைக்கச் சொன்னோம். பிறகு பட்டியலைக் காட்டச் சொன்னோம்.

பெயர்கள் இறங்க ஆரம்பித்தன. ஒன்று, பத்து, ஐம்பது. நற்பிட்டிமுனைக் கல்யாணம், மருதமுனைக் கல்யாணம், வீடு குடிபுகுதல், சுன்னத்துக் கத்னா வீடு. என் கையால் எழுதிய பெயர்கள், என் எழுத்துப் பிழைகளோடு. மௌத்தானவர்கள் வரிசையாக எழும்பி வருவதைப் பார்த்தது போல இருந்தது. நான் “அல்லாஹு அக்பர்” என்று கத்தியதில் மனைவி அடுக்களையில் இருந்து ஓடி வந்தாள். போனில் அந்தப் பெண் சிரித்தார். அவரும் அழுதாரோ என்று சந்தேகம்.

எல்லாம் வந்துவிடவில்லை. நடுவில் ஃபோர்மட் மிதித்த இடத்தில் கிடந்த சில கோப்புகள் ஓடவில்லை. அறுகம்பேயில் நான் கஷ்டப்பட்டு எடுத்த அலைச்சறுக்கு வீடியோ அதில் ஒன்று. யாரைக் கண்டாலும் போட்டுக்காட்டி அறுத்தது போதும் என்று அல்லாஹ் நினைத்திருக்கலாம். அந்தப் பிள்ளையின் நிக்காஹ் முழுதாக இருந்தது.

அதை ஓடவிட்டுப் பார்த்தேன். மௌலவி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுக்கிறார், வாப்பா திருப்பிச் சொல்கிறார். கடல் வெயிலில் காய்ந்த முகம், புதுச் சேர்ட்டின் கழுத்துப் பொத்தான் இறுகிக் கிடக்கிறது. ‘என் மகள்’ என்கிறார். அதோடு நின்றுவிடுகிறார். மௌலவி மெதுவாக மகளின் பெயரை எடுத்துக் கொடுக்கிறார். இல்லை. மறுபடி கொடுக்கிறார். பள்ளியில் ஃபேன் சுழல்கிற சத்தம் மட்டும். பதினொரு விநாடி கழித்து, மகளின் பெயரை முழுசாக, ஓர் எழுத்து விடாமல் சொல்கிறார். வீடியோ எடுக்கும்போது மனிதருக்குச் சபைக் கூச்சத்தில் பெயர் மறந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பதினொரு விநாடியையும் வெட்ட வேண்டும் என்று குறித்தும் வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் அவள் கணவனோடு வந்தாள். வெட்டாமல் அப்படியே போட்டுக் காட்டினேன். வாப்பா நின்றுவிட்ட இடத்தில் அவளுடைய கை முந்தானைக்குள் போனது. பெயரைச் சொன்னதும் நிறுத்தச் சொன்னாள்.

“காக்கா, வாப்பா என்னைய ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ‘புள்ள’ எண்டுதான். அவர்ட வாயில என்ட பேர இப்பதான் கேக்கன்.”

அதற்குப் பிறகும் உண்மையை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. நீங்கள் அந்த நேரம் வந்திராவிட்டால் இது இல்லை என்றேன். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கணவனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“நேத்து நான் வர இரிக்கல்ல காக்கா. நாளைக்குப் பாப்பம் எண்டுதான் இருந்தன். எல்லாரும் பகல் சாப்பிட்டுட்டு இருக்கக்குள்ள, உம்மா பாதியில சோத்துக் கோப்பைய வெச்சுட்டா. ‘எனக்கு சோறு இறங்குதில்ல, இப்பவே போய் வாப்பாட அந்தப் பேச்சக் கேட்டு வாங்கிட்டு வா’ எண்டா. சாப்பிட்ட கை ஈரம் காயல்ல, அப்பிடியே வந்தன்.”

அந்த இடத்தை அவளுடைய போனில் போட்டுக் கொடுத்தேன்.

யாழ்ப்பாணத்துத் தங்கச்சிக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரி ஒன்று அனுப்புகிறேன், விலாசம் தாருங்கள் என்று கேட்டேன். “சாரி வேண்டாம் அண்ணை. அந்தப் பிள்ளை கேட்டாப் பிறகு என்ன சொன்னவ எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றார். சொன்னேன். அவரை நான் இதுவரை கண்டதில்லை.

இப்போது என்னிடம் இரண்டு டிஸ்குகளிலும் பிரதி உண்டு, எந்த டிஸ்கையும் தொடர் இலக்கம் பார்க்காமல் தொடுவதில்லை, மெஷின் கேட்கிற கேள்வியை உரத்து வாசித்த பிறகே பதில் சொல்கிறேன், நிக்காஹில் யார் எவ்வளவு நேரம் மௌனமாக நின்றாலும் வெட்டுவதில்லை. ஆனால் இவையெல்லாம் நான் என்னைத் திருத்திக்கொண்ட கதை. என்னைக் காப்பாற்றியது இவை எதுவுமல்ல. வெளியே வராமல் வீட்டுக்குள் இருந்த ஒரு பெண் பாதிச் சோற்றோடு கோப்பையை வைத்ததனால்தான் நான் அடித்த கட்டளையும் பாதியில் நின்றது. அதை நினைக்கிற ஒவ்வொரு தடவையும், என்டருக்கு மேலே தூக்கிய என் விரலை அன்று பிடித்தது யார் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.